தௌலாவின் கையால் ஒரு வாய்

தாயிஸ் சந்தையில் தௌலாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஸபர் மலையிலிருந்து விடிந்ததும் இறங்கி வரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வாயில் அடக்கி மெல்லும் காத் இலை விற்பார்கள். அந்த வரிசையின் நடுவில், முகத்தை மூடாமல், மஞ்சள் தலைத்துணியில் ரைஹான் என்ற வாசனைத் துளசிக் கொத்து ஒன்றைச் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். இலைக்கட்டைத் தூக்கித் தூக்கி மோந்து பார்க்கிற ஆளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மோந்து பாக்குறதுக்கு இது என்ன உன் மாமியார் வீட்டு மீனா? வாங்குறதுன்னா வாங்கு, இல்லேன்னா வெயிலை மறைக்காம நகர்ந்து நில்லு" என்பாள். திட்டு வாங்கினவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். தௌலா திட்டினால்தான் இலைக்கு ருசி ஏறுகிறது என்று பக்கத்தில் கடை போட்டிருக்கும் ஹயாத் கேலி செய்வாள்.

இலையைப் பற்றி யாராவது குறை சொன்னால் மட்டும் தௌலாவால் கேலியாக எடுத்துக்கொள்ள முடியாது. ரொட்டியைக் குறை சொன்ன மாதிரி அது அவளுக்கு. அவளுடைய அம்மா விற்றது, மாமியார் விற்றது, ஊரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னத்தில் அடக்கிக்கொள்வது. அது எப்படிக் கெட்டதாகும்? மருந்து தெளித்த இலையை அவள் தொடுவதே இல்லை. தன் கொல்லையில் தானே பறித்து, ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டையில் கட்டிக் கொண்டுவருவாள். கிளையின் நுனியில் சிவந்து துளிர்த்திருக்கும் கொழுந்தைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அதை எவ்வளவு கேட்டாலும் விற்க மாட்டாள். அது ஸர்ஹானுக்கு.

ஸர்ஹான் அவள் புருஷன், லாரி ஓட்டுபவன். அவள் எவ்வளவு பேசுவாளோ அவ்வளவுக்கு அவன் பேச மாட்டான். லாரியில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு ஏடனிலிருந்து திரும்பி வந்து வாசலில் நிற்பான். உடம்பெல்லாம் புழுதியாக இருக்கும். "கைய வெக்காத, ரோடு முழுக்க உன் கையிலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தௌலா ரொட்டியைக் கிள்ளி, புகையூட்டிய பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து, தக்காளி மிளகாய் அரைத்ததில் தொட்டு, முதல் வாயை அவளே அவனுக்கு ஊட்டுவாள். அப்புறம்தான் அவன் கை கழுவப் போவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். மகள் ஷுரூக் பெரியவளாகி, அவளை இப்பு நகரத்துக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் அது நிற்கவில்லை.

சாப்பிட்டதும் மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து இலை மெல்லத் தொடங்குவான். கூட்டாளிகள் வருவார்கள். முதலில் அறை பேச்சால் நிறையும். அரசாங்கத்தைக் கவிழ்ப்பார்கள், கிணறு வெட்டுவார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசி முடிப்பார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் ஒவ்வொருவராக வாய் மூடிக்கொள்வார்கள். சுலைமான் நபியின் நேரம் என்று எங்கள் ஊரில் அதற்குப் பெயர். யாரும் யாரையும் எதுவும் கேட்காத நேரம். அந்த நேரத்தில் ஸர்ஹானின் முகத்தைப் பார்க்க வேண்டும். மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், நெற்றியில் ஒரு சுருக்கம் இருக்காது. கூட்டாளிகள் வராத நாட்களில் தௌலா பக்கத்தில் போய் உட்காருவாள். அவன் தன் இலைக்கட்டில் இருப்பதிலேயே இளம் கொழுந்து ஒன்றைப் பார்த்து எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவள் மடியில் போடுவான். சபையில் பிரியமானவனுக்குத்தான் அப்படிக் கொழுந்தைத் தூக்கிப் போடுவது வழக்கம். பெண்டாட்டிக்குப் போடுகிறவன் அந்த மலையில் அவன் ஒருவன்தான் என்று தௌலா ஹயாத்திடம் பெருமையடித்துக்கொள்வாள்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது, பெரிய ரோடு அடைபட்டது. மதியத்துக்குள் போய்விடுகிற தூரத்துக்கு இப்போது மலையைச் சுற்றிக்கொண்டு ஹைஜத் அல் அப்த் என்ற மலைப்பாதை வழியாகப் போக வேண்டும். ஒரு லாரி போகிற அகலம், அதிலும் பாதி இடிந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நடுவில் எங்கேயாவது ஒரு வண்டி நின்றுவிட்டால் முன்னும் பின்னும் எல்லாமே நிற்கும். பகலும் இரவுமாக ஓட்டி, அடுத்த பகலும் ஓட்டி வருவான். அந்த வளைவில் கண்ணை மூடினால் பிறகு திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. தௌலா இன்னொரு கட்டு இலையைக் கூடுதலாகக் கொடுத்தனுப்பினாள்.

அது போதவில்லை. அந்த ரோட்டில் ஓடுகிற ஓட்டுநர்கள் எல்லாரும் இலையோடு நீல டப்பாவில் வரும் தித்திப்புப் பானத்தைக் குடித்தார்கள். குடித்தால் தூக்கம் அண்டாது என்பார்கள். அதுவும் போதாதபோது, அவன் வண்டிக்குப் பின்னாலேயே வண்டி ஓட்டி வரும் சினேகிதன் காயித் ஒரு வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்தான். பாதியை மட்டும் போடு, இது மருந்து மாதிரிதான், ராத்திரி பகலாகிவிடும் என்றான். காயித் கெட்டவன் இல்லை. நண்பன் பள்ளத்தில் விழக்கூடாது என்று நினைத்தவன்தான்.

முதலில் என்னவோ எல்லாம் நல்லதாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். வாயைத் திறக்காத ஸர்ஹான் வீட்டுக்கு வந்ததும் பேச ஆரம்பித்தான். வழியில் பார்த்த கழுதையைப் பற்றி, சின்ன வயதில் செத்துப்போன அண்ணனைப் பற்றி, தௌலாவின் கண்ணைப் பற்றிக்கூடப் பேசினான். "இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று கேட்டு அவள் சிரித்தாள். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வீட்டில் இருந்த ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்தான். தண்ணீர் மோட்டாரைப் பிரித்தான். சரியாகவே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் பிரித்தான். திருகாணிகளை ஜமக்காளத்தில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவான். கலைப்பான். மறுபடி அடுக்குவான். அதில் அவனுக்கு என்ன ருசியோ, கூப்பிட்டால் காது கேட்காது.

பொழுது சாயும்போது கூட்டாளிகள் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். ஸர்ஹான் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில் பேசுகிறவனை எங்கள் ஊரில் யாரும் அதட்ட மாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கொழுந்து எடுத்து மடியில் போடுவதும் நின்றுபோனது. பேச்சு நடுவில் அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை போல. தௌலா எதிர்பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய் விளக்கேற்றுவாள்.

அடுத்ததாக அந்தச் சரிவு வந்தது. இலையும் டப்பாவும் மாத்திரையும் ஏற்றிவிட்ட வேகம் இறங்கியதும் மனிதன் செத்தவன் போலத் தூங்குவான். எழுந்தால் இன்றுதான் தாயைப் புதைத்துவிட்டு வந்தவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாடை மட்டும் வெறும் வாயை அரைத்துக்கொண்டிருக்கும். நாக்கெல்லாம் புண்ணாகியிருந்தது. சோர்ந்த மனிதனுக்கு எங்கள் ஊரில் எது கொடுப்பார்கள்? நல்ல இலை கொடுப்பார்கள். அவள் தன் கொல்லையிலேயே சிறந்த செடியில் ஏறிக் கொழுந்தாகப் பறித்தாள். அவனுக்குப் பிடிக்குமே என்று மளிகைக் கடையில் நீல டப்பாவைக் குளிர்ச்சியாக வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் ஏறும், எழுந்து உட்காருவான், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். "என் கை பட்டா மனுஷன் எந்திரிச்சுடுறான்" என்று ஹயாத்திடம் சொன்னாள். அப்படித்தான் நம்பினாள், பாவம்.

அவன் போகப்போக மெலிந்தான். சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை பாதியிலிருந்து முழுதாகி, முழுது இரண்டாகியிருந்தது. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் காதை வைத்துக் கேட்டான். யாரோ தன் பெயரைச் சொல்கிறார்கள் என்றான். தௌலாவின் தம்பி முக்பில் வந்து அவளோடு கொல்லையில் பேசிக்கொண்டிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டான். லாரியை எழுதி வாங்கத்தான் இரண்டு பேரும் கூடிப் பேசுகிறார்களாம். இலையைத் தண்ணீரில் கழுவி, மறுபடி கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு நாள் அவன் வாசலில் வந்து நின்றதும் அவள் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டு போனாள். அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நீ முதல்ல சாப்பிடு" என்றான்.

அவளுக்கு விளையாட்டென்று தோன்றி, சிரித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விழுங்கிய பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த ரொட்டி தொண்டையில் இறங்கின விதம் தௌலாவுக்குக் கடைசிவரை மறக்காது.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. வீட்டுக்குள் இருக்கிறவரை அவள் தாங்கினாள். அந்த வாரமே ஒரு நாள் மதியம், சந்தை நிறைய ஆள் இருக்கும் நேரத்தில், ஸர்ஹான் வரிசையில் நடந்து வந்தான். தௌலா மடியிலிருந்து கொழுந்தை எடுத்து நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப் போய், பக்கத்தில் ஹயாத்திடம் நின்று, ஒரு கட்டு கொடு என்றான். வரிசை முழுக்கப் பேச்சு நின்றுபோனது. தௌலாவின் புருஷன் தௌலாவிடம் இலை வாங்காமல் வேறொருத்தியிடம் வாங்குகிறான். தலாக் சொல்லியிருந்தால்கூட ஊருக்கு அது இவ்வளவு உறைத்திருக்காது. ஹயாத் அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். மறுத்தால் அவன் அங்கேயே கூச்சல் போட்டு தௌலாவை இன்னும் அசிங்கப்படுத்திவிடுவானோ என்ற பயம்.

அவன் போன பிறகு தௌலா தன் இலைக்கட்டுகளைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். கேலி பேசாமல் இருக்கத் தெரியாத ஹயாத்கூட அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தௌலா தலைத்துணியிலிருந்த ரைஹான் கொத்தைப் பிடுங்கி எறிந்தாள்.

அதற்கு அடுத்த பயணத்தில் அது நடந்தது. ஹைஜத் அல் அப்தில், வெயில் ஏறிய நேரத்தில், ஸர்ஹான் ஒரு வளைவின் நடுவில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கினான். முன்னும் பின்னும் வண்டிகள் மலைக்குக் கீழேவரை நின்றன. ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். கடைசியில் காயித் தன் வண்டியை விட்டு இறங்கி ஏறிப்போய்ப் பார்த்தான். ஸர்ஹான் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றி ரோட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சட்டை வேர்வையில் ஊறி ஒட்டியிருந்தது. சக்கரத்துக்குள்ளிருந்து தௌலா கூப்பிடுகிறாள் என்றான். எவ்வளவு கழற்றியும் அவளை எடுக்க முடியவில்லை என்று சொல்லி அழுதான். திட்டிக்கொண்டு வந்த ஓட்டுநர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காயித் அவன் மார்பில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே அடித்த அடியில் அவனுக்கே பயம் வந்துவிட்டது. நட்டுகளைத் திரும்ப முடுக்கி, இரண்டு வண்டிகளையும் வேறு ஆட்களிடம் கொடுத்து, முன்னால் நின்ற ஒரு காரின் பின் சீட்டில் ஸர்ஹானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாயிஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

ஊசி போட்டு அவனைத் தூங்க வைத்திருந்தார்கள். தௌலா சந்தையிலிருந்து ஓடி வந்தாள். மடியில் கொழுந்து அப்படியே இருந்தது. டாக்டர் இஷ்ராக் என்ற பெண் அவளை உட்கார வைத்து, உங்கள் வீட்டுக்காரர் போதைப் பழக்கம் உள்ளவரா என்று கேட்டார். தௌலாவுக்கு வந்ததே கோபம். அல்லா காப்பாற்றட்டும், என் மனுஷன் தொழுகிறவன், உழைக்கிறவன், அவனைப் பார்த்து அப்படிக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று எழுந்துவிட்டாள். டாக்டரும் அதே மலைக்காரர்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறுவிதமாகக் கேட்டார். என்ன மெல்லுவார்? கூட என்ன குடிப்பார்? தூக்கம் வராமலிருக்க ஓட்டுநர்கள் என்ன போட்டுக்கொள்கிறார்கள்?

அதற்கெல்லாம் தௌலா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். இலை, அதுவும் தன் கொல்லை இலை. நீல டப்பா, சில நாள் நாலைந்துகூட. மாத்திரை விஷயத்தைக் காயித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"உங்க வீட்டு மாடியில தண்ணித் தொட்டி இருக்குல்லக்கா?" என்றார் டாக்டர். "அந்த மாதிரி மூளையிலயும் இருக்குன்னு வெச்சுக்குங்க. தெம்பு, சந்தோஷம், விழிப்பு எல்லாம் அதுலேருந்துதான் சொட்டுச் சொட்டா வரும். இலை குழாயைக் கொஞ்சம் திறக்குது. மாத்திரை அதே குழாயை உடைச்சே விடுது. டப்பா என்ன பண்ணும்னா, தொட்டி காலியாகுதுன்னு காட்டுற முள்ளை மூடி மறைச்சுடும். களைப்பே தெரியாது. ஒவ்வொண்ணும் தனியா பண்றதை விட மூணும் சேர்ந்தா ரொம்பப் பெரிசாப் பண்ணும். நெஞ்சும் அதே வேகத்துல ஓடும். தூக்கமும் இல்லைன்னா காதுல குரல் கேக்கும். பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க மேலதான் முதல்ல சந்தேகம் வரும்."

தௌலா கேட்டாள்: "அவரு சோந்து போயி உக்காந்திருந்தப்பல்லாம் நான் கொழுந்தா பறிச்சுக் குடுத்தேனே. டப்பாவையும் நானே வாங்கி வெச்சேன். அதுவுமா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. அதுவும்தான் என்றார். தொட்டி காய்ந்திருக்கும்போது குழாயை இன்னும் திறந்தால் என்ன வரும் என்று கேட்டார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்குத் தெரியாது, உங்கள் இடத்தில் என் அம்மா இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார் என்றார். தௌலாவுக்கு அது காதில் விழவில்லை. மடியிலிருந்த கொழுந்தை எடுத்துப் பார்த்தாள். ஊரில் ஒருவரும் அதைத் தொட முடியாமல் பொத்திப் பொத்தி அவனுக்கென்று வைத்தது. நானே என் கையால் அவனைக் கெடுத்தேனே என்று அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே, வாய்விட்டு அழுதாள்.

காயித்தையும் அவள் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நானும் அதைத்தான் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே அக்கா என்று முனகினான். ஆளுக்கு ஆள் மாறும், இன்னும் ஆகவில்லை என்பதுதான் சரி என்று டாக்டர் உள்ளேயிருந்து சொன்னது அவன் காதிலும் விழுந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவன் சட்டைப் பையில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினான் என்று கேள்வி. பிறகும் வாங்கினானா என்பது அவனுக்கும் இறைவனுக்கும்தான் தெரியும்.

ஸர்ஹானை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இலையும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம், மாத்திரை கிட்டவே வரக்கூடாது என்று கட்டளை. தூக்கம்தான் மருந்து, பிறகு பொறுமை. குரல்கள் சீக்கிரம் போய்விடும், சந்தேகம் மெல்லப் போகும், மனச்சோர்வு கடைசியில்தான் போகும், திரும்பத் தொட்டால் இதைவிட வேகமாகத் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரி மைத்துனன் முக்பில் கைக்குப் போகாமல், தௌலா அதை வேண்டுமென்றே வாசலிலேயே நிறுத்தி, சாவியை ஸர்ஹானின் தலையணைக்குக் கீழே வைத்தாள். அவன் கண் திறந்ததும் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

அவளால் இலை விற்பதை நிறுத்த முடியவில்லை. அதுதான் சோறு. சந்தை முடிந்ததும் ஹயாத் வீட்டுக்குப் போவாள். எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கையைத் தேய்ப்பாள், துணியை மாற்றிக்கொள்வாள், இலை வாசனை ஒரு துளி இல்லை என்று ஹயாத் மோந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் மலையேறுவாள். "உன்னை மோந்து பாக்குற நிலைமைக்கு வந்துட்டேனே, நான் என்ன மீனா வாங்குறேன்?" என்று ஹயாத் சொன்ன நாளில் தௌலா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

வீட்டில் சாப்பாட்டு நேரம்தான் பெரும்பாடு. தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவாள், தண்ணீரையும் முதலில் ஒரு மிடறு குடிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே தட்டை இழுத்துக்கொள்வான். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தையே நடுங்குகிற அந்த வாய் வீட்டில் அத்தனை அடக்கமாக இருந்ததை யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். அடுப்படியில் தனியாக நிற்கும்போது மட்டும், என்னையா, என்னையா சந்தேகப்படுறே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவன் வேலைக்குப் போக வேண்டும், வண்டியோட்ட வேண்டும் என்றெல்லாம் அவள் இறைவனிடம் கேட்கவில்லை. அவன் ஒரே ஒரு தடவை பழையபடி வாயைத் திறக்க வேண்டும். அதை மட்டும்தான் கேட்டாள்.

குரல்கள் போயின. தூக்கம் ஒழுங்கானது. பொழுது சாயும்போது ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். கன்னம் காலியாக இருந்தது. முதலில் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து நடந்தான், எரிந்து விழுந்தான். பிறகு ஒரு நாள் அவள் படியேறி வந்தபோது, அவன் மலையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். பேச்சில்லை, அரைக்கிற தாடை இல்லை. அவள் சத்தம் காட்டாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் போட அவனிடம் கொழுந்து இல்லை. அவன் ஜன்னல் திட்டிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிவிட்டு, "இதை எதுல இருந்து கழட்டினேன்னே தெரியல" என்றான். மின்விசிறியில் என்று அவள் சொன்னாள். ஆனாலும் மறுநாள் சாப்பாட்டுக்கு அவன் அவள் முதலில் சாப்பிடும்வரை காத்துக்கொண்டுதான் இருந்தான். பழக்கமா, பயமா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சந்தையில் கூட்டம் நெரிந்தது. தௌலா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில் சாப்பாட்டு மூட்டையை மடியில் பிரித்தாள். நிமிர்ந்தபோது, வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஸர்ஹான் வந்துகொண்டிருந்தான். அந்த நாளுக்குப் பிறகு அவன் சந்தைக்குள் கால் வைத்ததில்லை. ஹயாத் அவசரமாகத் தன் கட்டுகளின் மேல் ஈரத்துணியை இழுத்து மூடினாள்.

இலைக்குத்தான் வந்திருக்கிறான், வேறு எதற்கு வருவான்? பட்டதெல்லாம் வீணாய்ப் போயிற்று என்று தௌலா நினைத்தாள்.

"உனக்கு நான் விக்க மாட்டேன்" என்றாள். "ஹயாத்தும் விக்க மாட்டா. இந்த வரிசையில யாருகிட்ட கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போ, ஷுரூக் அப்பா."

ஸர்ஹான் இலைக்கட்டுகளைப் பார்த்தான். அத்தனை காலம் மென்றவன் பார்க்காமல் எப்படி இருப்பான்? பார்த்துவிட்டு, கண்ணை எடுத்துக்கொண்டு, அவள் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"இலை யாரு கேட்டா?" என்றான். "நீ சாப்பாட்டை அவிழ்க்கிற நேரம்னு தெரிஞ்சுதான் வந்தேன். பசிக்குது."

அவள் ரொட்டியைக் கிள்ளினாள், பாலாடைக்கட்டியை வைத்தாள், மிளகாயில் தொட்டாள். வழக்கப்படி அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அதை எனக்குக் குடு."

"இருய்யா, நான் முதல்ல..."

"வேண்டாம் தௌலா. இனிமே நீ முதல்ல சாப்பிட வேண்டாம்."

சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் அவளைத் தாண்டிப் போனானோ அதே இடத்தில், அத்தனை பேருக்கும் முன்னால், அவன் வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள். அவன் மென்றான். இலை அடக்கி அடக்கித் தொய்ந்துபோயிருந்த இடது கன்னம் ரொட்டியால் உப்பியது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது, அவன் துடைக்கவில்லை. தௌலாவின் கண்ணும் நிறைந்து எதிரில் எதுவும் தெரியவில்லை.

"என்னடி இது, ரெண்டு பேரும் அழுறீங்க, அவ்வளவு காரமாவா அரைச்ச?" என்றாள் ஹயாத், தன் மூக்கையும் துடைத்துக்கொண்டு.

"ஆமா. இன்னிக்குக் கொஞ்சம் காரம்தான்" என்றாள் தௌலா. இலைக்கட்டு வாங்கக் குனிந்து நின்றுகொண்டிருந்த ஆளிடம், கொஞ்சம் நகர்ந்து நில்லு, மனுஷன் சாப்பிடுறான்ல என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்க்கு ரொட்டியைக் கிள்ளினாள்.